அடப்டரின் கீழ் வரி

நம் கடையில் திருத்துகிற பெஞ்சில் புதிதாக உட்கார்ந்திருக்கிற உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். நான் கடையை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன கிழமை ஹட்டன் பஜாருக்கு மரக்கறி வாங்க வந்தபோது கடையை எட்டிப் பார்த்தேன். ஒருவர் ரவுட்டரைக் கொடுத்து, "இதுக்கு ஒரு அடப்டர் வேணும்" என்று நின்றார். உங்களில் ஒருவர் பெட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு அடப்டராக எடுத்து, ஓட்டைக்குள் போகிறதா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும். நான் உள்ளே வராமல் கெரட் பையோடு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். என்ன செய்வது? அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதையே நானும் செய்திருக்கிறேன்.

வோல்ட், அம்பியர் கணக்கெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோர்ஸ் படித்து வந்திருக்கிறீர்கள். நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாமான் விற்கிற பிள்ளையாக இந்தக் கடைக்கு வந்தவள். ரேடியோ திருத்துகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போய்விட்டார். அவருடைய ஸ்டூல் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஆகவே பாடம் நடத்தப் போவதில்லை. ஒன்றை எரித்த கதையையும், ஒன்றை எரிக்காமல் விட்ட கதையையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் எரித்த கதை.

அப்போது கடையைப் பெரிய முதலாளி நடத்தினார், இப்போதைய முதலாளியின் அப்பா. நல்ல மனிதர். ஆனால் அடப்டர் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். பழைய போன், பழைய ரேடியோ, செத்துப்போன விளையாட்டுச் சாமான் எல்லாவற்றின் அடப்டர்களும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் பின்னிப் பிணைந்து கிடக்கும். யாராவது கேட்டு வந்தால், "ஓட்டைக்குள்ள போகுதா பாரு. போச்சுன்னா குடுத்தனுப்பு" என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

டிசம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், தோட்டத்துத் தேவாலயம் ஒன்றின் பாட்டுக் குழுவை நடத்துகிறவர் வந்தார். தோட்டத்தில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிழமை நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்ட். கீபோர்டின் அடப்டர் வயரை எலி கடித்துவிட்டது. ஒரு பழைய சேலைக்குள் கீபோர்டைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கரோலுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது என்றார்.

அந்த நேரம் பார்த்து டவுனில் கரண்ட் இல்லை. போட்டுப் பார்க்க வழியில்லை. வோல்ட்டை மாற்றி வைக்கக்கூடிய அடப்டர் ஒன்றை எடுத்தேன். ஒன்பது வோல்ட் என்று மாஸ்டரே சொன்னார். சுவிட்சை ஒன்பதில் வைத்தேன். அந்த மாதிரி அடப்டரில் நுனியைக் கழற்றி எந்தப் பக்கமாகவும் மாட்டலாம். எந்தப் பக்கம் என்று ஒரு கணம் யோசித்தேன். எங்களிடம் வருகிற பத்துச் சாமானில் ஒன்பதுக்கு உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று மாட்டிவிட்டேன். எப்படி மாட்ட வேண்டும் என்பதைக் காட்டும் படம் கீபோர்டின் பின்பக்கத்தில், ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பாதி வட்டம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். அதைப் பார்க்க நான் சேலையை அவிழ்த்துக் கீபோர்டைத் திருப்பியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாஸ்டர் நின்றார். நான் திருப்பவில்லை.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். கையில் அதே சேலை மூட்டை.

"தங்கச்சி, நேத்து சுவிட்சப் போட்டேன். சத்தம் ஒண்ணும் வரல. ஒரு வாசனதான் வந்திச்சி."

"என்ன வாசனைங்க மாஸ்டர்?"

"மீன் டின்ன அடுப்புல போட்ட மாதிரி."

பெரிய முதலாளி எழுந்து வந்தார். கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பழசுங்களே மாஸ்டர். பழசானா இப்பிடித்தான்" என்றார். சொல்லும்போதே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நீ வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

நான் கீபோர்டைத் திருப்பினேன். படம் தெளிவாக இருந்தது. புள்ளியிலிருந்து போன கோடு மைனஸில் முடிந்தது, அதாவது உள்ளே மைனஸ். பத்தில் அந்த ஒன்று இதுதான். முதலாளியைப் பார்த்தால் பேச முடியாது என்று மாஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பழசுங்கிறதால இல்லங்க. நான்தான் நுனிய மாத்திப் போட்டுக் குடுத்திட்டேன். இந்தப் படத்தப் பாக்கல."

மாஸ்டர் கோபப்படுவார் என்று நின்றேன். அவர் குனிந்து, "எந்தப் படம்?" என்றார். காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இத்தன வருசமா வாசிக்கிறேன், இத ஒருநாளும் பாத்ததில்ல" என்றார். பிறகு, "சரி, எட்டு நாளு ஆறு நாளாயிருச்சி. செய்ய முடியுமான்னு மட்டும் சொல்லு" என்றார்.

திறந்து பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மின்சாரம் தலைகீழாக வந்தால் தன்னை எரித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே, மின்சாரம் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன டயோட் வைத்திருந்தார்கள். அது கருகியிருந்தது. பக்கத்தில் ஒரு ஃபியூஸும் போயிருந்தது. உள்ளே வேறொன்றும் ஆகவில்லை. புதன்கிழமை கீபோர்ட் பாடியது. மாஸ்டர் கடைக்குள்ளேயே நின்று ஒரு கரோல் முழுவதையும் வாசித்தார். பஜாரில் போன ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். முதலாளிக்கு அது பிடித்திருந்தது.

"ஒத்துக்கிட்டீல்ல, இனி ஊர்ல எரிஞ்சதெல்லாம் நம்ம தலையிலதான் வரப்போகுது" என்று அவர் என்னிடம் பிறகு சொன்னார். வரத்தான் செய்தது, ஆனால் வேறு மாதிரி. மாஸ்டர் அந்தப் படத்தைத் தாளில் வரைந்துகொண்டு போய், தன் லயத்து வீட்டு வரிசையில் வீடு வீடாக அடப்டர்களைச் சோதித்திருக்கிறார். தை பிறந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "மாஸ்டர் அனுப்பினாருங்க. இதுல புள்ளி பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு பாத்துக்கிட்டு வரச் சொன்னாரு." தப்பை நான் மறைத்திருந்தால் அவர் வேறு கடைக்குப் போயிருப்பார், அந்த லயமும் அவர் பின்னால் போயிருக்கும். இதை நான் அன்று யோசித்துச் செய்யவில்லை. பயத்தில் உண்மையைச் சொன்னேன். ஆனாலும் இன்றுவரை அதைத்தான் செய்யச் சொல்வேன். எரிந்த சாமானை வைத்துக்கொண்டு பொய் சொன்னால், பொய்யைக் காப்பாற்றுவதிலேயே கவனம் போய்விடும். எது எரிந்தது என்று சரியாகத் தேடமாட்டீர்கள்.

கீபோர்ட் எரிந்த அந்தக் கிழமையே தேயிலைப் பெட்டியைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு அடப்டரையும் பூதக்கண்ணாடியால் படித்து, என் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். உள்ளே பிளஸ் என்றால் சிவப்பு, உள்ளே மைனஸ் என்றால் ரோஸ். ஏசி வெளிவருகிற அடப்டர்கள் மூன்றோ நான்கோதான் இருந்தன. அவற்றுக்குக் கழுத்தில் நூல் கட்டினேன். என் நகம் அடுத்த வருசம் முழுக்க வெறுமையாகத்தான் இருந்தது.

இனி எரிக்காமல் விட்ட கதை. இது நடந்து பல வருசம் ஆகவில்லை.

மலையேறும் சீசனுக்கு நம் கடை மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரில் ஒரு தகரக் கொட்டகை போடுவது உங்களுக்குத் தெரியும். டோர்ச், பெட்டரி, போன் சார்ஜர், கம்பளித் தொப்பி. சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் போகும்போது டோர்ச் வாங்குவார்கள், இறங்கும்போது சார்ஜர் கேட்பார்கள். அந்த வருசம் என்னை அனுப்பியிருந்தார்கள். கொட்டகைக்கு எதிரே அறிவிப்புக் கூடம். கூட்டத்தில் பிரிந்துபோனவர்களை மைக்கில் கூப்பிடுகிற இடம். அங்கிருந்து வயர் மேலே போகும். படிக்கட்டுப் பாதையில் வளைவுக்கு வளைவு குழாய் ஸ்பீக்கர். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் சேர். சிங்களத்தில் கடகடவென்று சொல்லிவிட்டு, அதையே தமிழில் ஒரு தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படிப்பார்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். காலை ஒன்பது மணி இருக்கும். சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கூட்டம் மொத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்புக் கூடத்து மேசையில் யாரோ வைத்த பிளேன்டீக் கோப்பை கவிழ்ந்து, கீழே இருந்த அடப்டரின் மேல் கொட்டியது. டிக் என்று ஒரு சத்தம். மைக் செத்துவிட்டது.

சேர் என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார். "நங்கி, கொஞ்சம் வந்து பாருங்க."

நான் போகும்போதே ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நானுஓயாவிலிருந்து குடும்பத்தோடு வேனில் வந்தவர், பெயர் மோகன்.

"அம்மாவக் காணோங்க. மேல ஒண்ணாத்தான் கும்பிட்டோம். இறங்கும்போது பாத்தா இல்ல. பேரு செல்லாயி. பச்ச சேல, செவப்புச் சால்வ. கூப்பிடுங்க சேர்."

"அம்மாகிட்ட போன் இருக்கா?" என்று கேட்டேன்.

"என் பையிலதான் இருக்கு. சீனி வருத்தத்துக்குப் போடுற குளிசை மாத்திரையும் என்கிட்டத்தான். காலையில ஒண்ணும் சாப்பிடவும் இல்ல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேல ரெண்டு பாதை இருக்குல்லங்க. அந்தப் பக்கம் இறங்கியிருந்தா?"

உச்சியிலிருந்து ஒரு பாதை நம் பக்கம் இறங்குகிறது, மற்றது இரத்தினபுரிப் பக்கம். கூட்டத்தோடு தள்ளுப்பட்டு அந்தப் படியில் காலை வைத்தவர்கள், மலையின் மறுபக்கத்தில் போய்த்தான் விழித்துக்கொள்வார்கள். இன்னும் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் பெயரைக் கேட்டால் திரும்பி வரலாம். தாமதமானால் முடியாது, அந்தக் காட்டுப் பாதையில் ஸ்பீக்கர் கிடையாது.

மோகன் விவரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி சேரிடம் கொடுத்தார். "நான் மறுபடி மேல ஏறிப் பாக்கிறேன்" என்று ஓடிவிட்டார்.

பெரிய அம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் இருந்தது. மைக்குக்கும் அதற்கும் நடுவில் உள்ள சின்ன மைக் பெட்டிக்குத்தான் உயிர் இல்லை. மைக்கை நேரே அம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தோம். கொசு முனகுவது போல் கேட்டது. பெட்டிக்கு ஒரு அடப்டர் வேண்டும், உடனே வேண்டும்.

செத்த அடப்டரைத் துடைத்துப் பார்த்தேன். லேபிள் தேத்தண்ணியில் ஊறி உரிந்திருந்தது. அவுட்புட் பன்னிரண்டு வோல்ட் என்பது தெரிந்தது. அதற்கு அடுத்த குறி அழிந்துபோயிருந்தது. அந்தக் குறிதான் எனக்கு வேண்டும். நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடும் என்றால் டிசி. வளைந்த கோடு என்றால் ஏசி.

அதற்குள் செய்தி கடைத் தெருவெல்லாம் பரவிவிட்டது. ஆளுக்கொரு அடப்டரோடு ஓடிவந்தார்கள். ஒரு வேன் டிரைவர் லெப்டொப் சார்ஜரையே கொண்டுவந்தார். கண்காணிப்புக் கேமரா மாட்டியிருந்த சாப்பாட்டுக் கடைக்காரர் தன் கேமராவின் அடப்டரைப் பிடுங்கி வந்தார். பன்னிரண்டு வோல்ட், டிசி. பெட்டியின் ஓட்டைக்குள் வைத்தேன். அந்த ஓட்டைக்கென்றே செய்தது போல் போய் உட்கார்ந்தது.

"அதான் போயிருச்சில்லக்கா. சுவிட்சப் போடுங்க" என்றார் கடைக்காரர்.

"பன்னிரண்டுதானே நங்கி?" என்றார் சேரும். அவர் கையில் மோகன் எழுதிய தாள் இருந்தது.

நான் சுவிட்சைப் போடவில்லை. மைக் பெட்டிகளில் சில, ஏசியை வாங்கி உள்ளேயே இரண்டாகப் பிரித்துக்கொள்பவை. அவற்றுக்கு டிசி கொடுத்தால் பாதிதான் எழும்பும். மற்றப் பாதி சும்மா கிடக்கும், அல்லது கெட்டுப்போகும். இது எந்த வகை என்று தெரியவில்லை. அந்த மலையடிவாரத்தில் வேறு பெட்டியும் இல்லை. தப்பாகப் போட்டால், செல்லாயி அம்மாவை மட்டுமல்ல, அன்று காணாமல் போகிற யாரையுமே கூப்பிட முடியாது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க சேர்" என்றேன்.

பெட்டியைத் திருப்பி வைத்தேன். ஓட்டைக்கு மேலே ஏதோ எழுத்து, தூசும் எண்ணெயும் படிந்து. கூடத்துக்குள் வெளிச்சம் போதவில்லை.

"புள்ள, வெளிச்சம் காணாதா? நான் புடிக்கிறேன், நீ பாரு."

ஆண்கள் போடுகிற பெரிய ஜெக்கட்டும் கம்பளித் தொப்பியும் போட்ட ஒரு அம்மா, என் கொட்டகையிலிருந்த டோர்ச் ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் நின்றார். சரியான இடத்தில், கை ஆடாமல் பிடித்தார். நான் துணியில் எச்சில் தொட்டுத் துடைத்தேன்.

"என்னத்தப் புள்ள தேடுற?"

"இந்த நம்பருக்குப் பக்கத்துல ஒரு குறி இருக்கணும்மா. நேர்கோடா, வளைஞ்ச கோடான்னு பாக்கணும்."

அவர் குனிந்தார். என்னைவிட நல்ல கண். "வளைஞ்சிதான் இருக்கு. புழு மாதிரி" என்றார்.

புழுவேதான். பன்னிரண்டு வோல்ட், ஏசி, ஒரு அம்பியர். சாப்பாட்டுக் கடைக்காரரின் அடப்டரை உருவி அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"லேபிள்ல புழு இருக்கிற அடப்டர் வேணும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். அது நான் அன்று செய்த தவறு. ஒரு நிமிஷத்தில் எட்டுப் பேர் வந்து, "இதுல புழு இருக்கு", "இதுலயும் இருக்கு" என்று நீட்டினார்கள். இருக்கத்தானே செய்யும். சுவரிலிருந்து உள்ளே வாங்குவது எல்லா அடப்டருக்கும் ஏசிதான். அந்தப் புழு மேல் வரியில் எல்லா லேபிளிலும் நெளியும்.

"மேல் வரிய விடுங்க. கீழ் வரியப் பாருங்க. கீழ் வரியில புழு இருக்கணும்."

எல்லோரும் தங்கள் அடப்டர்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்கள். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். பிறகு மஸ்கட் இனிப்பு விற்கிற கடைக்காரர் மட்டும் மெதுவாக, "எங்கிட்ட ரெண்டு புழு இருக்கு போல" என்றார்.

அவர் கடை முகப்பில் கட்டியிருந்த வர்ண விளக்குத் தோரணத்தின் அடப்டர் அது. மஸ்கட்டும் தொதலும் அடுக்கிய பலகைக்குப் பின்னால் தொங்கியதால், லேபிள் முழுக்கச் சீனிப்பாகு. வெந்நீரில் துடைத்தோம். டோர்ச் பிடித்த அம்மா கீழ் வரியில் விரலை வைத்தார். பன்னிரண்டு வோல்ட், புழு, இரண்டு அம்பியர். அம்பியர் கூட இருந்தால் பயமில்லை. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். குறைவாக இருந்திருந்தால்தான் வேண்டாம் என்றிருப்பேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று சொச்சம் காட்டியது. பாரம் இல்லாதபோது அப்படிக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் அதன் நுனி ஓட்டைக்குள் போகவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, செத்த அடப்டரின் நுனியை வயரோடு வெட்டி எடுத்தேன். தோரண வயரையும் வெட்டப் போகிறேன் என்றதும் மஸ்கட் கடைக்காரர் தோரணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வெட்டிருவீங்களா?"

"பின்னேரம் நானே சேர்த்துத் தாறேன்."

அவர் யோசித்தார். "அப்ப மைக்குல எங்க கடையப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும்."

சேர் உடனே சம்மதித்தார். வெட்டினேன், முறுக்கினேன், டேப் சுற்றினேன். ஏசி என்பதால் எந்த வயர் எதோடு என்ற கவலை இல்லை. செருகி, சுவிட்சைப் போட்டேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சேர் மைக்கைத் தட்டினார். மேலே மலை முழுக்கத் தட்டும் சத்தம் கேட்டது.

சேர் முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தமிழில்: "நானுஓயாவிலிருந்து வந்த, செல்லாயி அம்மா, நீங்கள் எங்கிருந்தாலும், உங்கள் மகன் மோகன்..."

என் கையில் விழுந்துகொண்டிருந்த டோர்ச் வெளிச்சம் விலகிப் போனது.

"அது நான்தானே" என்றார் அந்த அம்மா.

ஜெக்கட்டுக்குக் கீழே பார்த்தேன். பச்சைச் சேலை.

"நீங்கதான் காணாமப் போனவங்களாம்மா?"

"நான் எங்க காணாமப் போனேன்? அவன்தான் காணாமப் போனான். அதச் சொல்லத்தான் இங்க வந்தேன். மைக்கு வேல செய்யலன்னாங்க. சரி, செஞ்சு முடியட்டும்னு நின்னேன்." தொப்பியைக் கழற்றினார். "இதெல்லாம் வழியில ஒரு சிங்களத் தங்கச்சி போட்டுவிட்டுச்சி. குளிருல நடுங்கினேன்னு."

அரை மணி நேரமாக மலையின் மறுபக்கத்தில் இருப்பார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தவர், எனக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முதலில் நான் சிரித்தேன், பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடைக்காரர் அவரைத் தன் கடையில் உட்காரவைத்து இட்லியும் சீனியில்லாத தேத்தண்ணியும் கொடுத்தார்.

சேர் மறுபடி மைக்கை எடுத்தார். காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று சொல்லப் போனார். செல்லாயி அம்மா சாப்பாட்டுக் கடையிலிருந்தே கையை ஆட்டி மறித்தார். "அப்பிடிச் சொல்லாதீங்க. மகன் மோகனக் காணோம், அம்மா தேடுறாங்கன்னு சொல்லுங்க."

சேர் அப்படியே சொன்னார். கொஞ்ச நேரத்தில் மோகன் படிகளில் தாவித் தாவி இறங்கி வந்தார். வந்து அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. அம்மா அவர் தலையில் கையை வைத்து, "எங்கடா போன? அந்தக் குளிசையக் குடு மொதல்ல" என்றார்.

வேன் புறப்படுமுன் அந்த டோர்ச்சை அவரிடமே கொடுத்துவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஜெக்கட் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், அம்மா பக்கத்திலேயே நின்றாரே, மைக்கே வேண்டியிருக்கவில்லையே என்பார்கள். அது நமக்கு அப்போது தெரியாது, பிள்ளைகளே. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெட்டி, அழிந்துபோன ஒரு குறி, போடு போடு என்கிற ஒரு கூட்டம். கூட்டத்தில் இருந்த எல்லோரும் நல்லவர்கள். அவசரமும் உண்மையான அவசரம். அதனால்தான் மறுத்துச் சொல்வது கஷ்டம். கோபக்காரருக்கு "இல்லை" என்று சொல்லிவிடலாம். அழுகிறவரின் முன்னால் "பொறுங்கள், படிக்க வேண்டும்" என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மூச்சுக்கு மருந்தைப் புகையாக்கித் தருகிற மெஷினைக் கொடுத்து, எதையாவது மாட்டித் தாருங்கள் என்பார்கள். இரண்டுக்கும் ஒரே வோல்ட்டா, ஏசியா டிசியா, புள்ளி எந்தப் பக்கம், அம்பியர் போதுமா என்று பார்த்தபின் கடைசியாகத்தான் ஓட்டை. ஒன்று சரியில்லை என்றாலும் கொடுக்காதீர்கள். சரியானது கிடைக்கும் இடத்தைச் சொல்லி, முடிந்தால் நீங்களே போன் பண்ணிக் கேட்டுக் கொடுங்கள்.

அன்று முழுவதும் அறிவிப்புக் கூடம் மஸ்கட் கடைத் தோரணத்தின் அடப்டரில்தான் ஓடியது. ஒரு வார்த்தை சொல்வதாக ஒப்புக்கொண்ட சேர், நேர்மையான மனிதர், ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னும் அதைச் சொன்னார். மாத்தறையிலிருந்து வந்த இன்னார் எங்கிருந்தாலும் வரவும், மூன்றாம் கடையில் சுத்தமான மஸ்கட் கிடைக்கும். வழி தவறியவர்களில் பாதிப் பேர் நேரே மஸ்கட் கடைக்கே போய் நின்றார்கள்.

ஹட்டனுக்குப் போன் பண்ணி, சரியான அடப்டரைப் பின்னேர பஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருந்தேன். கொண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைப் பிரித்து மாட்டப் போனேன். சேர் கையை நீட்டித் தடுத்தார். அடப்டரை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேபிளைப் படிக்க ஆரம்பித்தார். பல வருசப் பழக்கம். எதைப் படித்தாலும் மைக்கின் முன்னால்தான் படிப்பார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவுட்புட்" என்றார் சிங்களத்தில். "பன்னிரண்டு வோல்ட். ஏசி. ஒரு அம்பியர்." பிறகு தமிழில், எழுத்தெழுத்தாக, அதையே இன்னொரு தடவை.

மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டம், யாரோ ஒருவரைக் காணவில்லை என்று நினைத்து, படிகளில் அப்படியே நின்று கேட்டது.